ஆபீஸ் சீலிங்குக்கு டூ பை டூ பேனல்: எட்ஜ்லிட்டா, பேக்லிட்டா?

புதிதாகக் கட்டிய எந்த ஆபீஸிலும், வங்கிக் கிளையிலும், கிளினிக்கிலும் அண்ணாந்து பார்த்தால் ஃபால்ஸ் சீலிங்கின் கட்டங்களுக்கு நடுவே இரண்டடிக்கு இரண்டடி வெள்ளைச் சதுரங்கள் எரிந்துகொண்டிருக்கும். கடையில் ‘டூ பை டூ’ என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். பெரும்பாலும் 36 வாட், 595க்கு 595 மில்லிமீட்டர். 600 மில்லிமீட்டர் கிரிட்டில் தடையில்லாமல் உட்கார அந்த 5 மில்லிமீட்டர் குறைவு. பெட்டிமேல் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது இரண்டே வகை: எட்ஜ்லிட், பேக்லிட். இந்த விமர்சனம் அந்த இரண்டையும், கரன்டை மாற்றித் தந்து அவற்றை எரிய வைக்கும் டிரைவர் என்ற சின்னப் பெட்டியையும், சீலிங் டைலுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஒயரிங்கையும் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சாதாரண ஆபீஸுக்கும் கடைக்கும் பேக்லிட் வாங்குங்கள். டிரைவர் தனியாக, கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். பேனலில் மிச்சம் பிடிக்கும் காசை டிரைவரில் போடுங்கள். இருட்டாகிப்போன பேனலைக் கழற்றிச் சோதித்தால் பெரும்பாலும் எல்இடி நன்றாகவே இருக்கும், செத்திருப்பது டிரைவர்தான்.

எட்ஜ்லிட் பேனலில் எல்இடி பட்டைகள் ஃப்ரேமின் ஓரத்தில், உட்பக்கம் பார்த்தபடி இருக்கும். நடுவில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் தகடு. ஓரத்தில் நுழையும் ஒளியை அந்தத் தகட்டில் பொறித்த நுண்புள்ளிகள் கீழ்நோக்கித் திருப்பிவிடும். பின்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர் தாள், முன்னால் ஒளியைப் பரப்பும் பால்நிற டிஃப்யூசர். மொத்தத் தடிமன் 10 மில்லிமீட்டர் அளவுதான். வெளிச்சம் ஒரே சீராக, விரித்த காகிதம்போல இருக்கும். பார்வைக்கு அழகு என்றால் இதுதான்.

இதன் பலவீனம் அந்தத் தகடு. நல்ல பேனலில் அது அக்ரிலிக். விலை குறைந்த பேனலில் பாலிஸ்டைரீன். கடையில் புதிதாக எரியவிட்டுக் காட்டும்போது இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. பாலிஸ்டைரீன் தகடு சூட்டிலும் ஒளியிலும் பழுப்பேறும். ஓரத்தில் எல்இடிக்கு நெருங்கிய பகுதி முதலில் மஞ்சளாகும், பிறகு மெல்ல நடுவுக்குப் பரவும். இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு பேனல் கெட்டு, அதே மாடலில் புதிது ஒன்று வாங்கி மாட்டினால் சீலிங்கில் ஒரு கட்டம் மட்டும் வெள்ளை வெளேர் என்றிருக்கும், சுற்றியுள்ளவை பழைய வேட்டி நிறத்தில் இருக்கும். மாட்டியவர் தவறான நிறம் வாங்கிவிட்டார் என்று சண்டை வரும். நிறத்தில் தவறில்லை, தகட்டுக்கு வயதாகிவிட்டது. எட்ஜ்லிட்தான் வேண்டும் என்றால், தகடு அக்ரிலிக் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பேக்லிட் பேனலில் அந்தத் தகடே கிடையாது. பின்பக்கத் தகட்டில் எல்இடிகள் வரிசையாக, நேராகக் கீழே பார்த்தபடி இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு லென்ஸ், அதற்குக் கீழே இடைவெளி விட்டு டிஃப்யூசர். இடைவெளி தேவைப்படுவதால் தடிமன் 25 முதல் 35 மில்லிமீட்டர். தகட்டைக் கடந்துவர வேண்டிய சிரமம் ஒளிக்கு இல்லை என்பதால் அதே வாட்டுக்கு லூமன், அதாவது வெளிவரும் ஒளி, கூடுதல், விலையும் குறைவு. மலிவான பேக்லிட்டில் இரண்டு குறை பார்க்கலாம். லென்ஸும் இடைவெளியும் சரியில்லை என்றால் டிஃப்யூசரில் எல்இடிகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். ஓரத்தை ஒழுங்காக அடைக்காவிட்டால் பூச்சி உள்ளே போகும். மழைக்காலத்து ஈசல் ஒரு ராத்திரி புகுந்தால் போதும், மறுநாள் டிஃப்யூசர் முழுக்கக் கறுப்புப் புள்ளி. வாங்கும்போது நாலு ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஸ்க்ரூ இடைவெளியில் டிஃப்யூசர் தளர்ந்து ஆடினால் வேண்டாம்.

பேக்லிட் எப்படிக் கெடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. உள்ளே எல்இடிகள் வரிசை வரிசையாகத் தொடராக இணைக்கப்பட்டு, அந்த வரிசைகள் பக்கவாட்டில் இணைந்திருக்கும். டிரைவர் எப்போதும் ஒரே அளவு கரன்ட் தரும், 900 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். நாலு வரிசை இருந்தால் ஆளுக்கு 225. ஒரு வரிசையில் ஒரே ஒரு எல்இடி அறுந்தால் அந்த வரிசை முழுதும் அணையும். டிரைவர் கரன்டைக் குறைக்காது. அதே 900 மூன்று வரிசைக்குப் பிரிந்து ஆளுக்கு 300 ஆகும். கூடுதல் சூட்டில் அடுத்த வரிசை சீக்கிரம் போகும், அப்புறம் மீதியும். ஆகவே பேனலில் ஒரு கோடு இருண்டு தெரிந்தால் ‘மீதி எரிகிறதே’ என்று விடாதீர்கள். வாரண்டி இருக்கும்போதே கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.

இனி டிரைவர். பேனலோடு வரும் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி 230 வோல்ட் ஏசியை வாங்கி, 30 முதல் 42 வோல்ட் வரம்பில் நிலையான டிசி கரன்டாக மாற்றுகிறது. இதன் லேபிளைப் படிக்காமல் பேனல் வாங்குவது, டயரைப் பார்க்காமல் பழைய கார் வாங்குவதற்குச் சமம். பார்க்க வேண்டியவை: இன்புட் வோல்டேஜ் வரம்பு எவ்வளவு அகலம், பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரன்டில் எவ்வளவு பயன்படுகிறது என்ற விகிதம்) 0.9க்கு மேலே உண்டா, டிஎச்டி (கரன்டின் அலைவடிவம் எவ்வளவு சிதைகிறது என்ற அளவு) எவ்வளவு, சர்ஜ் எனும் திடீர் வோல்டேஜ் எழுச்சியைத் தாங்கும் அளவு எத்தனை கிலோவோல்ட், ஐசொலேட்டட் வகையா. 2.5 கிலோவோல்ட் சர்ஜ் பாதுகாப்பாவது இருக்கட்டும், 4 இருந்தால் நிம்மதி. ஐசொலேட்டட் இல்லாத டிரைவரில் வெளியே வரும் டிசி ஒயரும் மெயின் கரன்டோடு நேரடித் தொடர்பில் இருக்கும். அந்த ஒயர் நசுங்கி ஃப்ரேமைத் தொட்டால் ஃப்ரேமில் கரன்ட், ஃப்ரேம் உட்கார்ந்திருக்கும் இரும்பு கிரிட் முழுக்கவும் கரன்ட். ஏணியில் நின்று டைலைத் தூக்குபவர் இரண்டு கையாலும் பிடிப்பது அந்த கிரிட்டைத்தான். ஐசொலேட்டட் இல்லாத டிரைவரை உலோக கிரிட் சீலிங்கில் போடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஒரு மலிவு டிரைவரையும் நல்ல டிரைவரையும் மூடியைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விலை வித்தியாசம் கண்ணெதிரே நிற்கும். நல்லதில் கரன்ட் நுழையும் இடத்தில் ஒரு ஃப்யூஸ், அதை ஒட்டி நீல நிறத்தில் பொத்தான்போல, சர்ஜைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் ‘சர்ஜ் வாங்கி’ என்ற பாகம், அடுத்து செம்புக் கம்பி சுற்றிய ஃபில்டர் காயில், நடுவில் டிரான்ஸ்ஃபார்மர், கடைசியில் மின்சாரத்தைத் தேக்கிச் சமன் செய்யும் உருளையான கெப்பாசிட்டர். கெப்பாசிட்டர்மேல் 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். மலிவானதில் ஃப்யூஸுக்குப் பதில் ஒரு ரெசிஸ்டர், சர்ஜ் வாங்கிக்கு போர்டில் ஓட்டை மட்டும் இருக்கும், பாகம் இருக்காது. ஃபில்டர் காயில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பி. கெப்பாசிட்டர் இருப்பதிலேயே சின்னது. எரியும், அதில் சந்தேகமில்லை. சித்திரை வெயிலைத் தாண்டுமா என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் டிரைவர் வாழ்வது ஏசி அறையில் இல்லை. டைலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே அடைபட்ட இடத்தில். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள தளம் என்றால் மே மாதத்தில் கீழே ஏசி 24 டிகிரியில் ஓடும்போதே மேலே எளிதாக 45ஐத் தாண்டும். தகர ஷீட் கூரை என்றால் இன்னும் மோசம். டிரைவருக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி ஏறும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகும். பெட்டிமேல் 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பது, நாளுக்கு 12 மணி, வருடத்துக்கு 300 நாள் என்று பார்த்தால் ஏறக்குறைய 7 வருடம். மேலே சூடு 10 டிகிரி கூடினால் டிரைவருக்கு அதில் பாதிதான் கணக்கு. லேபிளில் சுற்றுப்புற வெப்ப அளவு 50 டிகிரி என்று உள்ள டிரைவரை மேல்தளத்துக்கு எடுங்கள். ஏசியின் திரும்பும் காற்று சீலிங்குக்கு மேலேயே போகும் அமைப்பு என்றால் இந்தப் பிரச்சினை வெகுவாகக் குறையும். டிரைவரை நார்ப் பஞ்சு இன்சுலேஷன்மேல் படுக்க வைப்பதும், இரண்டு டிரைவரை ஒன்றன்மேல் ஒன்றாக டேக் போட்டுக் கட்டுவதும் அதன் ஆயுளை நாமே கழிப்பது.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பேனலை எரியவிட்டு, மொபைல் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்து அருகில் பிடியுங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த டிரைவர் டிசியைச் சமன் செய்யவில்லை, லைட் நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கம்ப்யூட்டர் முன் எட்டு மணி நேரம் உட்காருபவருக்குத் தலைவலியாகத் தெரியும், சிசிடிவி படத்திலும் அலை அலையாக ஓடும். அடுத்து இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண். இந்த வகை லைட் ஐஎஸ் 10322இன் கீழும், டிரைவர் ஐஎஸ் 15885இன் கீழும் கட்டாயப் பதிவுத் திட்டத்தில் வருகின்றன. ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யாருடைய பதிவு என்று காட்டும். சென்னை பாரிமுனைப் பக்கம் பில் இல்லாமல் வாங்கும் சரக்கில் இந்த எண் இல்லாமலும் இருக்கும், வேறொருவருடையதாகவும் இருக்கும். ஒரு நிமிட வேலை, பார்த்துவிடுங்கள்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘வெள்ளை லைட்’ என்று கேட்டால் நீலச்சாயல் கொண்ட 6500 கெல்வினைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஆபீஸுக்கு 4000 கண்ணுக்கு இதம். எந்த நிறமானாலும் சிஆர்ஐ (பொருள்களின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 80க்குக் குறையாமல் பாருங்கள். ஜவுளிக்கடைக்கு 80 போதாது. பட்டுப்புடவை வாங்க வருபவர் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பார்ப்பது பழக்கம் மட்டுமல்ல, கடையின் லைட்மேல் அவருக்கிருக்கும் சந்தேகம். அந்தச் சந்தேகம் நியாயமானது. சிஆர்ஐ கணக்கில் ஆழ்ந்த சிவப்பு சேராது. அதற்குத் தனியாக ஆர்9 என்று ஒரு அளவு உண்டு. சிஆர்ஐ 80 உள்ள பேனலில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கலாம். அப்போது அரக்குச் சிவப்பு மண் நிறமாகத் தெரியும். ஜவுளிக்கும் நகைக்கும் சிஆர்ஐ 90, ஆர்9 குறைந்தது 50 என்று கேட்டு வாங்குங்கள். லூமன் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

எத்தனை பேனல் வேண்டும் என்பதை ‘நூறு சதுர அடிக்கு ஒன்று’ என்று கைக்கணக்கில் முடிக்காதீர்கள். 12 மீட்டருக்கு 8 மீட்டர் ஹால் என்று எடுத்துக்கொள்வோம். 96 சதுர மீட்டர். ஆபீஸ் மேசைமேல் 300 முதல் 500 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்) வரை வேண்டும், 400 என்று வைப்போம். 96ஐ 400ஆல் பெருக்கினால் 38,400 லூமன். பேனலிலிருந்து புறப்படும் ஒளி முழுதும் மேசைக்கு வராது, சுவரும் சீலிங்கும் கொஞ்சம் தின்னும். அதற்கு 0.6. தூசும் வயதும் தின்பதற்கு 0.8. இரண்டையும் பெருக்கினால் 0.48. 38,400ஐ இதனால் வகுத்தால் 80,000. 36 வாட் பேனல் 3,600 லூமன் தந்தால் 22 புள்ளி சொச்சம். வரிசைக்கு 6, நாலு வரிசை, ஆக 24 பேனல், 864 வாட்.

இந்த 24ஐ எங்கே வைப்பது என்பதில்தான் சீலிங்காரருக்கும் எலக்ட்ரீசியனுக்கும் தகராறு வரும். கிரிட் 600 மில்லிமீட்டர், ஆகவே பேனல்களின் இடைவெளி 1.8 அல்லது 2.4 மீட்டராகத்தான் அமையும். நீளவாக்கில் சரியாக 20 டைல். நடுவிலிருந்து அளந்து 1.8, 2.4, 1.8, 2.4, 1.8 என்று வைத்தால் இரண்டு சுவரிலும் 0.9 மீட்டர் மிஞ்சும். அகலவாக்கில் 12 முழு டைல், இரு ஓரமும் 40 சென்டிமீட்டர் வெட்டு டைல். அங்கே 2.4, 1.8, 2.4 என்று வைத்தால் சுவரோரம் 0.7 மீட்டர். கிரிட்டை ஒரு சுவரிலிருந்து ஆரம்பித்து ஓட்டிவிட்டால் கடைசியில் 20 சென்டிமீட்டர் துண்டு டைல் ஒரு பக்கம் மட்டும் வரும், பேனல் வரிசை முழுக்க ஒரு பக்கமாகச் சாயும். லைட் பிளானைக் கையில் வாங்காமல் கிரிட்டின் முதன்மைச் சட்டமான மெயின் டீயைத் தொங்கவிட அனுமதிக்காதீர்கள்.

ஒயரிங்குக்கு வருவோம். 24 பேனலை ஒரே சர்க்யூட்டில் போட்டாலும் ஓடும் கரன்ட் 4 ஆம்பியர்தான், 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் சிரமமில்லாமல் தாங்கும். ஆனாலும் ஒரு லைட்டிங் சர்க்யூட்டுக்கு 10 பாயின்ட், 800 வாட் என்ற பழைய வரம்பை மீறாமல் மூன்று சர்க்யூட்டாக, எட்டு எட்டாகப் பிரியுங்கள். ஒரு எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தாலும் ஹால் இருட்டாகாது. ஜன்னலோர வரிசைக்குத் தனி சுவிட்ச் வைத்தால் பகலில் அணைத்து வைக்கலாம்.

எம்சிபி சி கர்வ், 6 ஆம்பியர். பி கர்வ் வேண்டாம். ஒவ்வொரு டிரைவரும் சுவிட்ச் போட்ட நொடியில் கெப்பாசிட்டரை நிரப்பப் பல மடங்கு கரன்டை இழுக்கும், ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரம்தான். எட்டும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது, ரேட்டிங்கில் 3 முதல் 5 மடங்கில் விழும் பி கர்வ் சில நாள் காரணமில்லாமல் விழும். சி கர்வ் 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். எம்சிபி விழுகிறது என்று 16 ஆம்பியர் போட்டுவிட்டுப் போவது தீர்வல்ல, 1.5 ஸ்கொயருக்கான காவலை எடுத்துவிடுவது.

எர்த்துக்குக் கரன்ட் கசிந்தால் தானே அணையும் ஆர்சிசிபி, தொல்லை வரும் இன்னொரு இடம். டிரைவருக்குள் இருக்கும் ஃபில்டர் வழியாக ஒரு சிறு கரன்ட் எர்த்துக்குக் கசிவது இயல்பு. டிரைவருக்கு அரை மில்லி ஆம்பியர் என்றால் 24க்கு 12. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம். அதே ஆர்சிசிபியில் பத்து கம்ப்யூட்டரும் இருந்தால் வாரத்துக்கு இரண்டு முறை மொத்த ஆபீஸும் அணையும், எங்கும் ஃபால்ட் கிடைக்காது. லைட்டுக்குத் தனி ஆர்சிசிபி, கம்ப்யூட்டருக்குத் தனி. யூபிஎஸ்ஸில் ஓடும் நாலைந்து எமர்ஜென்சி பேனலின் நியூட்ரலை இபி நியூட்ரலோடு ஒரே ஜங்ஷன் பாக்ஸில் முறுக்கிவிட்டாலும் இதே தொல்லைதான். யூபிஎஸ் நியூட்ரல் கடைசிவரை தனியாகவே போக வேண்டும்.

ஒயர் வகையில் மிச்சம் பிடிக்காதீர்கள். எஃப்ஆர் ஒயர் தீயைப் பரப்பாது, ஆனால் எரிந்தால் பிவிசிக்கே உரிய அமிலப் புகை வரும். எஃப்ஆர்எல்எஸ்ஸில் புகை குறைவு. ஐஎஸ் 17048 முத்திரையுள்ள எச்எஃப்எஃப்ஆரில் அந்த அமிலப் புகைக்குக் காரணமான ஹாலஜனே இல்லை. ஏசி காற்று சீலிங்குக்கு மேலே சுற்றும் கட்டடத்தில் அந்தப் புகை நேராக ஆட்களிடம் வரும் என்பதால் அங்கே எச்எஃப்எஃப்ஆர்தான் போட வேண்டும். டிபி (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) ஹாலின் மூலையிலேயே இருந்தால் சர்க்யூட்டுக்கு 30 மீட்டர் அளவு ஓடும். மூன்று சர்க்யூட்டுக்கு ஒரு 90 மீட்டர் காயில் நியூட்ரலுக்கு, ஒன்று எர்த்துக்கு, சுவிட்சுக்குப் போய்வரும் தூரமும் சேர்வதால் பேஸுக்கு இரண்டு.

ஒயர் போகும் பைப்பை கான்கிரீட்டில் சேடில் கிளிப் அடித்து ஓட்டுங்கள். டைல்மேல் ஒயரை விரித்துப் போடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். டைலை ஒருமுறை தூக்கி வைக்கும்போது குறுக்குச் சட்டமான கிராஸ் டீயின் வெட்டு விளிம்பில் ஒயர் நசுங்கும். ஒவ்வொரு பேனலுக்கும் மேலே ஒரு ஜங்ஷன் பாக்ஸ், அதிலிருந்து ஃப்ளெக்ஸிபிள் ஹோஸ் வழியாக 1 ஸ்கொயர் மூன்று கோர் ஒயர், பேனலைக் கீழே இறக்கிக் கழற்றும் அளவுக்கு அரை மீட்டர் தளர்வு. ஜாயின்ட்டை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். மேலே உள்ள சூட்டில் டேப்பின் பசை இளகி, ஒரு கோடையிலேயே பிரிந்து தொங்கும். லீவர் கனெக்டர் போட்டால் டிரைவர் மாற்ற அடுத்த முறை டூல்ஸே வேண்டாம்.

டிரைவரில் இரண்டே ஒயர்தான் வருகிறது, எர்த் எதற்கு என்று அந்தப் பச்சை ஒயரை வெட்டி மடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பேக்லிட் பேனலின் பின்பக்கம் இரும்புத் தகடு, அதில் எர்த் ஸ்க்ரூ இருந்தால் அங்கே கட்ட வேண்டும். இல்லாவிட்டாலும் எர்த் ஒவ்வொரு பாயின்ட் வரை வந்து நிற்கட்டும், கிரிட்டையும் ஒரு இடத்தில் எர்த்தோடு இணைத்துவிடுங்கள்.

கொத்துக் கொத்தாகப் பேனல் சாகும் இடங்களில் நியூட்ரலைப் பாருங்கள். மூன்று பேஸ் கட்டடத்தில் நியூட்ரல் ஓரிடத்தில் லூஸாகிவிட்டால், பளு குறைந்த பேஸில் வோல்டேஜ் 300, 350 என்று ஏறும். பேனல்கள் சில நொடிகளில் போய்விடும். இது அதிகம் நடப்பது இபியிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சில். நாலு போல் சேஞ்ச்ஓவரில் நியூட்ரல் காண்டாக்ட் முதலில் சேர்ந்து கடைசியில் பிரிய வேண்டும். அது தேய்ந்து தாமதமாகச் சேர்ந்தால், கரன்ட் போய் ஜெனரேட்டர் வரும் ஒவ்வொரு முறையும் லைட்டுகளுக்கு ஓர் அடி. பேனல் கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால் சேஞ்ச்ஓவரின் நியூட்ரல் டெர்மினலைக் கழற்றிப் பாருங்கள், கறுத்திருந்தால் காரணம் அங்கேதான். 440 வோல்ட் தாங்கும் டிரைவர்கள் இதற்காகவே விற்கப்படுகின்றன. ஜெனரேட்டர் உள்ள கட்டடத்தில் அந்தக் கூடுதல் விலையைத் தயங்காமல் கொடுக்கலாம். நியூட்ரல் ஒயரும் பேஸ் ஒயரின் அளவே இருக்கட்டும். டிஎச்டி அதிகமான டிரைவர்களின் மூன்றாவது ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் ஓடும் உபரி கரன்ட்) நியூட்ரலில் ஒன்றையொன்று கழிக்காது, கூடும்.

சுவிட்ச் அணைத்த பிறகும் ராத்திரியில் பேனல் மங்கலாக மினுங்கினால், சுவிட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கிறது, அல்லது சுவிட்சில் இன்டிகேட்டர் இருக்கிறது. முதலாவது என்றால் உடனே மாற்றுங்கள், லைட் அணைந்திருக்கும்போதும் டிரைவரில் பேஸ் நிற்கிறது.

டைல் போடும் முன் மெக்கர் கருவி வைத்து ஒயரின் இன்சுலேஷனைப் பார்த்துவிட வேண்டும். 500 வோல்ட், ஒரு மெகா ஓமுக்குக் கீழே வரக்கூடாது. டிரைவர்கள் மாட்டும் முன்பே இதை முடியுங்கள். மாட்டிய பிறகு பார்க்க வேண்டி வந்தால் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி எர்த்துக்கு எதிராக மட்டும் பாருங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 500 வோல்ட் கொடுத்தால் டிரைவருக்குள் இருக்கும் சர்ஜ் வாங்கி குறுக்கே நின்று ரீடிங்கைக் குழப்பும், டிரைவரும் போகலாம்.

பேனல் கடைசியில்தான் ஏற வேண்டும். பெயின்டும் பட்டி தேய்ப்பும் முடிவதற்கு முன் மாட்டினால் அந்த மாவுத் தூசு டிஃப்யூசருக்குள் போய் நிரந்தரமாகத் தங்கும். இரண்டு மூன்று கிலோ எடையை கிரிட் மட்டும் தாங்கட்டும் என்று விடாதீர்கள். எதிரெதிர் மூலை இரண்டிலிருந்து ஜிஐ கம்பியை எடுத்து மேலே கான்கிரீட்டில் ஆங்கர் போட்டுக் கட்டுங்கள். கிரிட் அறுந்தாலும் பேனல் தலைமேல் வராது. பேனலை டிரைவரோடு சொருகுவது கரன்ட் கொடுப்பதற்கு முன்னால். டிரைவர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனலைச் சொருகினால், டிரைவரின் வாயில் தேங்கி நிற்கும் அதிக வோல்டேஜ் ஒரே தள்ளில் எல்இடிக்குள் பாயும். ‘சொருகிப் பார்ப்போம், எரிகிறதா’ என்று செய்யும் இந்தச் சோதனை பல நல்ல பேனல்களைக் கொன்றிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் எட்ஜ்லிட்டுக்கு இடம் உண்டு. ஏசி டக்ட் தாழ்ந்து, கிரிட்டுக்கு மேல் நாலைந்து சென்டிமீட்டர்கூடக் கிடைக்காத இடத்தில் அந்த 10 மில்லிமீட்டர் பேனல்தான் நுழையும். நாள் முழுக்கத் திரையைப் பார்க்கும் இடத்தில் எந்த வகையானாலும் யூஜிஆர் (கண்கூச்ச அளவு) 19க்குக் கீழே என்று குறித்த மைக்ரோ பிரிஸ்மாட்டிக் டிஃப்யூசர் உள்ளதைக் கேளுங்கள், பால்நிற டிஃப்யூசரில் கம்ப்யூட்டர் திரையில் சதுரம் சதுரமாகப் பிரதிபலிக்கும். ஜிப்சம் சீலிங்கில் பேனலை வெட்டிப் பதிக்க ஸ்பிரிங் கிளிப் கிட் தனியாக வாங்க வேண்டும். டிரைவரை எட்டிப் பிடிக்க ஒரு சர்வீஸ் கதவு விடாவிட்டால் முதல் ரிப்பேருக்கே சீலிங்கை உடைக்க நேரும்.

24 பேனல் வேலைக்கு ஒரு பேனலும், அதே மாடலில் மூன்று டிரைவரும் கூடுதலாகச் சேர்த்து ஒரே பில்லில், ஒரே பேட்ச்சில் வாங்கி வையுங்கள். அடுத்த பேட்ச்சில் 4000 கெல்வின் என்றே எழுதியிருந்தாலும் பக்கத்தில் வைத்தால் சாயல் மாறித் தெரியும். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தனி டிரைவர் வாங்க நேர்ந்தால் ‘36 வாட்’ என்று கேட்காதீர்கள். பழைய லேபிளை போட்டோ எடுத்துப் போய், மில்லி ஆம்பியர் அதே எண், வோல்டேஜ் வரம்பு அதே அளவு என்று ஒப்பிட்டு வாங்குங்கள். 36 வாட் என்ற பெயரில் 600 மில்லி ஆம்பியர் டிரைவரும் உண்டு, 900ம் உண்டு. மாட்டும்போது ஒவ்வொரு டிரைவரின் முதுகிலும் மார்க்கரால் தேதியும் சர்க்யூட் எண்ணும் எழுதிவிடுங்கள். அடுத்து ஏணி ஏறுபவர் எந்த எம்சிபியை அணைக்க வேண்டும் என்பது அவர் கண்ணெதிரே இருக்கும்.